பெரியப்பா அனுப்பினால் பொய்யும் மெய்யாகுமா?

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"பொய்ச் செய்தியை இனங்காணும் அறிவைப் பிள்ளைகளுக்குத் தர வல்லது பள்ளியா, வீடா?" என்பது தலைப்பு. பள்ளியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "கேள்வி கேட்ட பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திய இடம்தானே பள்ளிக்கூடம்? அங்கேயா கேள்வி கேட்கச் சொல்லித் தரப் போகிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் கைதட்டி முடிக்கும்வரை நின்று சிரித்துவிட்டுப் போய் அமர்ந்தார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன். நானும் அந்தப் பெஞ்சின் மேல் நின்றவன்தான்.

ஆனால் அம்மையாரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால் என்ன நடக்கும்?

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய்த் தாள் வந்தபோது, அதற்குள் நானோ சிப் இருக்கிறது என்றும், பூமிக்கு அடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றும் ஒரு செய்தி நாடெங்கும் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். ரிசர்வ் வங்கி அறிவித்த பாதுகாப்பு அம்சங்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் தொலைக்காட்சியில்கூட அதை விளக்கிச் சொன்னார்கள். அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பா உடனே கைகூப்புகிறார். அத்தை மூன்று கட்டைவிரல்களை உயர்த்துகிறார். வெளிநாட்டு மாமா "அருமையான தகவல்" என்று எழுதுகிறார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் மட்டும், "பெரியப்பா, ரிசர்வ் வங்கி அப்படி எதுவும் சொல்லவில்லையே" என்று பணிவாக ஒரு வரி எழுதுகிறாள். குழுவில் மயான அமைதி. அடுத்த நிமிடம் அவளுடைய அம்மாவின் தொலைபேசி ஒலிக்கிறது. அத்தைதான். "பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாய்" என்கிறார். அப்பாவின் தொலைபேசி ஒலிக்கிறது. பெரியப்பாவேதான். "சிப் இருக்கிறதோ இல்லையோ, தம்பி, இந்தக் குடும்பத்தில் எனக்கு மரியாதை இருக்கிறதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்" என்கிறார். இரவுச் சாப்பாட்டின் போது அந்தப் பெண் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். சிப் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 120 மீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கும் துணிவு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குழுவிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது. அவர் நல்லவர்; நமக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவராகக்கூட இருப்பார். சிக்கலே அதுதான், நடுவர் அவர்களே. வீட்டுக்குள் வரும் செய்தி தனியாக வருவதில்லை, உறவோடு வருகிறது. செய்தியைச் சந்தேகித்தால் அனுப்பியவரைச் சந்தேகித்ததாக ஆகிவிடுகிறது. வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு செய்திக்குப் பெரியப்பா கிடையாது. அதை நாற்பது பிள்ளைகள் சேர்ந்து அலசி, பொய் என்று கண்டுபிடித்தாலும், எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் யார் பெயரும் விடுபட்டுப் போகாது.

எதிரணியின் இன்னொரு நண்பர், இன்றைய பிள்ளைகள் இணையத்திலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்றார். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006 வாக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இணையத்தில் படிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றிய ஓர் இணையதளத்தைக் காட்டினார்கள். 1998 முதலே வேடிக்கைக்காக ஒருவர் நடத்திவரும் தளம் அது. மழைக்காட்டு மரங்களில் தாவித் திரிகிறதாம். அழியும் நிலையில் இருக்கிறதாம். அதைப் பிடித்துத் தின்னும் விலங்கு, இதுவரை யாரும் பிடித்துக் காட்டாத சாஸ்க்வாட்ச் என்னும் காட்டு மனிதனாம். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லாரும் அதை நம்பினார்கள். அது கட்டுக்கதை என்று சொன்ன பிறகும், இல்லை, இருக்கிறது என்று சிலர் வாதாடினார்கள். நம் ஊராக இருந்திருந்தால் அந்த மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அடியில் ஓர் உண்டியலும் வைத்திருப்போம். அந்தப் பிள்ளைகளுக்குத் தேடவும் திறக்கவும் தெரிந்திருந்தது. இதைச் சொல்பவர் யார் என்று கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கற்றுத்தர முடியும். சாம் வைன்பர்க் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தம் குழுவினரோடு, வரலாற்று அறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் ஒரே இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார். முனைவர் பட்டம் பெற்றவர்களே பளபளப்பான சின்னத்தைப் பார்த்து ஏமாந்தபோது, சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இந்தப் பழக்கத்தை ஐம்பது நிமிடப் பாடங்கள் ஆறில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் முன்னேறினார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தடுப்பூசியைப் பற்றிய வதந்திகளால் பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கியதைக் கண்ட நிர்வாகம், 2018இல் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்பைத் தொடங்கியது. பெற்றோர் அஞ்சியதற்கு மருந்தைப் பள்ளியில் தேடினார்கள் என்பதை எதிரணியினர் கவனிக்க வேண்டும்.

வீட்டில் அன்பு இருக்கிறது, அந்த அன்பே பிள்ளையைக் காக்கும் என்று அம்மையார் உருக்கமாக முடித்தார். அன்பைப் பற்றி நானும் பேசியாக வேண்டும்.

அதே 2018 மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வதந்தி தமிழகத்தின் வட மாவட்டங்களில் கைப்பேசி கைப்பேசியாகப் பரவிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அந்தக் குடும்பத்தில் இருந்த 65 வயது மூதாட்டி, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், நடுவர் அவர்களே; தங்கள் பிள்ளைகளை உயிராக நினைத்தவர்கள்தாம். தெருவில் ஒரு பிள்ளையைக் கண்டால் இடுப்பில் முடிந்து வைத்த மிட்டாயை எடுத்து நீட்டுகிற பாட்டி உங்கள் வீட்டில் இல்லையா? என் வீட்டில் இருந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர், ஒரே ஒரு பள்ளிப் பிள்ளையாவது, "இதை யார் பார்த்தார்கள்? யார் சொன்னார்கள்?" என்று உரக்கக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கும் பழக்கத்தை நாம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஏழாம் வகுப்பின் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்கச் சொல்லி, தீர்ப்பைப் பள்ளிக்கூடத்துக்கே தர வேண்டும் என்று, குலதெய்வத்தைக் கும்பிடப் போன அந்த அம்மாவின் பெயரால் நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.