தலைமை நாற்காலிக்குப் பக்கத்தில் 33 சீசன்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், அதாவது பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டத்தில், உதவிப் பயிற்சியாளர் வேலை என்பது மூட்டை முடிச்சோடு அலைகிற பிழைப்பு. தலைமைப் பயிற்சியாளரின் சீட்டுக் கிழிந்தால், அவரோடு சேர்ந்து உதவியாளர்களும் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். ஜெயித்தாலும் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வரும், கிளம்பிவிடுவார்கள். அந்தத் தொழிலில் வர்ஜீனியா டெக் என்ற ஒரே கல்லூரியில் 33 சீசன் வேலை பார்த்தவர் பட் ஃபாஸ்டர்.

கென்டக்கியில் பிறந்தவர். அங்குள்ள மர்ரே ஸ்டேட்டில் ஆடியபோது அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஃபிராங்க் பீமர். 1987-இல் பீமர் வர்ஜீனியா டெக்கின் தலைமைப் பொறுப்புக்குப் போனார், ஃபாஸ்டரையும் கூட்டிப்போனார். 1992-இல் அணி இரண்டே ஆட்டம்தான் ஜெயித்தது. உதவியாளர்களில் சிலர் மாறினார்கள், ஃபாஸ்டர் தப்பினார். 1995-இல் இன்னொரு உதவியாளரான ராட் ஷார்ப்லெஸ்ஸும் அவரும் சேர்ந்து, எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் தடுக்கிற பிரிவான டிஃபென்ஸை ஏற்றார்கள். மறு வருடத்திலிருந்து முழுப் பொறுப்பும் ஃபாஸ்டர் தலையில்.

அந்த 1995-இல் வந்து சேர்ந்ததுதான் தகரச் சாப்பாட்டுப் பெட்டி. சுரங்கத் தொழிலாளி ஒருவருடையது. அடிபட்டு, துருவேறிப் போனது. அந்த வாரம் யார் நன்றாக உழைத்தாரோ அவர் கையில் அது இருக்கும். உள்ளே அணியின் இலக்குகள் எழுதிய தாள். இதெல்லாம் வெறும் ஜோடனை என்று ஒதுக்கிவிடலாம். 2007-ஐ நினைத்தால் மனசு வருவதில்லை. அந்த ஏப்ரல் 16 அன்று கல்லூரி வளாகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த சீசனில் பெட்டிக்குள் அந்த 32 பெயர்களும் இருந்தன.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். 2014 செப்டம்பர், ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த மைதானம். எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜே.டி. பேரட், இரண்டாவது ஆட்டம் ஆடுகிற பையன். ஃபாஸ்டர் முன்வரிசையில் ஆளை நெருக்கி நிறுத்தி, ஓடுகிற வழியை அடைத்தார். பந்து பிடிக்க ஓடுகிறவர்களை ஆளுக்கு ஆள் என்று விட்டார். பின்னால் கடைசிக் காவலுக்கு ஆள் கிடையாது. ஒருவன் கோட்டைவிட்டால் கதை முடிந்தது. ‘முடிந்தால் எறிந்து பார்’ என்கிற சவால் அது. பேரட்டை ஏழு முறை சாய்த்தார்கள், மூன்று பந்துகளைப் பறித்தார்கள். 35–21 என்று வர்ஜீனியா டெக் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் அந்த சீசனில் தோற்கவே இல்லை; சாம்பியன் பட்டமும் அவர்களுக்கே.

அதே வருடம் நவம்பரில் வேக் ஃபாரஸ்ட்டோடு ஆட்டம். நான்கு கால்பகுதியும் முடிந்தபோது 0–0. பீமர் இரண்டு கையையும் தூக்கி நிற்கிற படத்தை ஊரே பார்த்துச் சிரித்தது. ஃபாஸ்டரைக் கேட்டால் சிரித்திருப்பாரா தெரியாது. அவர் பிரிவு அதுவரை ஒரு புள்ளிகூட விடவில்லை. இவர்கள் பக்கம் புள்ளி எடுக்க வேண்டிய ஆட்களும் ஒன்றும் எடுக்கவில்லை, கூடுதல் நேரத்தில் 6–3 என்று தோற்றார்கள். உதவிப் பயிற்சியாளர் பிழைப்பின் கஷ்டம் இதுதான். தன் வேலையைச் சுத்தமாக முடித்தாலும் கணக்கில் தோல்விதான் ஏறும்.

2015-இல் பீமர் ஓய்வு பெற்றார். நாற்காலி வெளியிலிருந்து வந்த ஜஸ்டின் ஃபுவென்டேவுக்குப் போனது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். ஃபாஸ்டர் புதியவரின் கீழ் இன்னும் நான்கு சீசன் இருந்தார். அவரை வைத்துக்கொண்ட ஃபுவென்டேவுக்கும் ஒரு சபாஷ் சொல்ல வேண்டும்.

2019-தான் கடைசி என்று முன்பே அறிவித்துவிட்டார். நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் எதிரணிக்குப் பூஜ்யம்: ஜார்ஜியா டெக் 45–0, பிட்ஸ்பர்க் 28–0. அங்கேயே நிறுத்தியிருந்தால் சினிமா. ஆனால் அதற்குப் பிறகும் ஆட்டங்கள் பாக்கி இருந்தன. கடைசி ஆட்டம் டிசம்பர் 31-இல், அதுவும் பிறந்த மண்ணான கென்டக்கியின் அணியோடு. அவர்களுக்கு அன்று குவார்ட்டர்பேக்காக ஆடியவர் லின் பவுடன், அடிப்படையில் பந்து பிடிக்கிற ஆட்டக்காரர். அவர் ஓடியே 233 யார்டு எடுத்தார். 15 விநாடி மிச்சமிருக்கையில் பந்தை எறிந்தும் ஜெயிக்க வைத்தார்.

உதவியாளர்களுக்கென்று பிராய்ல்ஸ் விருது ஒன்று இருக்கிறது. 2006-இல் ஃபாஸ்டர் வாங்கினார். கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபமோ, பயிற்சியாளராக நுழைய வேண்டுமானால் குறைந்தது 10 ஆண்டும் 100 ஆட்டமும் தலைமைப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. பீமர் 2018-இல் நுழைந்தார். ஃபாஸ்டரின் பெயரைப் பரிசீலிக்கக்கூட அந்த விதி விடாது. அதை எழுதியவர்கள் ஸ்கோர் பலகையின் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.