செட்டில்மென்ட்னா ஜெயிச்சதா?

வணக்கம்ங்க. அமெரிக்காவுல ஒருத்தர் தடுப்பூசியால பாதிப்புன்னு கேஸ் போட்டு, செட்டில்மென்ட்ல பெரிய தொகை வாங்கிட்டாருன்னு வாட்ஸ்அப்ல செய்தி வந்தாப் போதும், பாத்தியா அரசாங்கமே ஒத்துக்கிச்சுன்னு ஒரு கூட்டம் கிளம்பிடும். அந்த செட்டில்மென்ட் பேப்பர்ல என்ன இருக்கும் தெரியுமா? இந்த ஊசியாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு மனுதாரர் சொல்றாருன்னு ஒரு வரி, இல்ல ஊசி காரணமில்லன்னு அரசாங்கம் மறுக்குதுன்னு அடுத்த வரி, அப்படியும் ரெண்டு பேரும் கேஸை முடிச்சுக்க சம்மதிக்கிறோம், தொகை இவ்வளவுன்னு அதுக்கடுத்த வரி. அவ்வளவுதான்.

இது எப்படி வந்துச்சுன்னா, 1980கள் ஆரம்பத்துல முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூணுக்கும் போடுறது) மேல கேஸ் குவிஞ்சு, கம்பெனிங்க ஒண்ணொண்ணா தயாரிப்பை விட்டு விலக ஆரம்பிச்சதும் ஊசிக்கே தட்டுப்பாடு வந்துடுமோன்னு பயந்து, பாதிப்புக்கு நஷ்டஈடு குடுக்கன்னே 1986ல தனிச்சட்டம் போட்டாங்க, 1988ல நடைமுறைக்கு வந்துச்சு. ஊசி எத்தனை நோயைத் தடுக்குதோ, நோய் ஒண்ணுக்கு 75 சென்ட் வரி, அது ஒரு தனி நிதியில சேருது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடுற ஊசின்னா 2.25 டாலர். நஷ்டஈடு அந்த நிதியிலருந்துதான் போகுது, கம்பெனி பாக்கெட்லருந்து இல்ல. கேஸும் கம்பெனி மேல இல்ல, சுகாதாரத்துறை செயலர் மேல.

ஜூரி கிடையாது, இதுக்குன்னு இருக்குற கோர்ட்ல ஸ்பெஷல் மாஸ்டர்னு நீதிபதி மாதிரி ஒருத்தர் விசாரிப்பார். எந்த ஊசிக்கு எந்த பாதிப்பு, எத்தனை நேரத்துக்குள்ளன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஊசியைத் தோள்ல ரொம்ப மேலே குத்திட்டாங்க, 48 மணி நேரத்துக்குள்ள வலி வந்து கையைத் தூக்க முடியலன்னு வைங்க, அது 2017லருந்து பட்டியல்ல இருக்கு, ஊசிதான் காரணம்னு நீங்க தனியா நிரூபிக்க வேண்டியதில்ல (இதுல மருந்து மேல தப்பே இல்ல, குத்தின இடம்தான் தப்பு!). பட்டியல்ல இல்லாத பாதிப்புன்னாதான் இழுபறி. டாக்டருங்களைக் கூட்டிட்டு வந்து நிரூபிக்கணும், வருஷக்கணக்குல ஓடும், தோத்தா பைசா தேறாது. அரசாங்க வக்கீலுக்கும் தீர்ப்பு அந்தப் பக்கம் சாயுமோங்குற பயம் இருக்கும்ல, அதான் பேரம். நஷ்டஈடு கிடைச்ச கேஸ்ல சுமார் 60 சதவீதம் இப்படி முடிஞ்சதுதான்.

வலி, வேதனைக்குன்னு உச்சபட்சம் 2.5 லட்சம் டாலர். 1986ல வெச்ச தொகை, விலைவாசி எங்கயோ போயும் அது அசையல, எனக்கு இது அநியாயமாத்தான் படுது. வைத்தியச் செலவு, சம்பள இழப்பு தனி. வக்கீல் உங்க தொகையில கை வைக்க முடியாது, நியாயமான கேஸ்னா தோத்தாலும் அவர் ஃபீஸை நிதியே குடுத்துடும்.

கொரோனா ஊசிக்கு மட்டும் இந்தக் கோர்ட் இல்ல, வேற திட்டம், அதுல ஊசி போட்டு 1 வருஷத்துக்குள்ள மனு குடுத்தாகணும், வக்கீல் ஃபீஸும் கிடையாது. மத்த ஊசிங்களுக்கு 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா அது டாக்டர் இன்ன நோய்னு பேர் சொன்ன நாள்லருந்து இல்லங்க, முதல் அறிகுறி தெரிஞ்ச நாள்லருந்து எண்ணுவாங்க.