கற்ற எழுத்து கையை விட்டுப் போகாதிருக்க

இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி வகுப்பறையை மாலை வேளையில் முதியோர் வகுப்புக்காகத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் சிலேட்டோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலக எழுத்தறிவு நாளாகிய இந்தச் செப்டம்பர் 8ஆம் நாளில் பள்ளி இடைநிற்றல், முதியோர் கல்வி, ஊர் நூலகம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேச எண்ணி வந்தேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 80 சதவீதம். ஆண்களில் 86 சதவீதத்துக்கும் மேல், பெண்களில் 73 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த இடைவெளியைக் குறைக்க வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று முன்னோர் சொன்னது எழுத்துக்கும் பொருந்தும்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். நான் தொண்டராகச் சென்ற ஊரில் கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு தாய், ‘அ’னாவில் தொடங்க மறுத்து, தம் மகள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்து எழுதியும் காட்டினார். சைக்கிள் பழகிய பிறகு வழியில் எந்தப் பலகையைக் கண்டாலும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த பிறகே நகர்வார். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். சில ஆண்டுகள் கழித்து ஒரு வங்கியில் அவரைக் கண்டேன். பெருவிரலை மைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, கையெழுத்து என்னாச்சு?” என்றேன். “எழுதினாத்தானே சார் நிக்கும்? வகுப்பு முடிஞ்சப்புறம் படிக்க ஒரு தாளு கண்ணுல படலை. சைக்கிள் மட்டும் மறக்கலை, அதைத் தினமும் ஓட்டுறேன்ல” என்றார்.

சித்திரமும் கைப்பழக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. இன்றும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் செலுத்துகிறோம். அப்படி நம் பணத்தில் நடக்கும் நூலகம், கூலி வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டிக் கிடக்குமானால், புதிதாய் எழுத்துக் கற்றவர் எங்கே போய்ப் படிப்பார்? பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்களும் நாளிதழ்களும் இரவு எட்டு மணி வரை அங்கே கைக்கெட்ட வேண்டும் என்பதே என் நெடுநாள் கோரிக்கை.

இடைநிற்றலைப் பற்றித் தலைமையாசிரியர் அம்மையார் என்னைவிடத் தெளிவாகப் பேசுவார். ஊராட்சித் தலைவர் அவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் நூலக நேரத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி உதவ வேண்டும். அதற்கான மனு மேடைக்கு அருகே மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் அனைவரும் அதில் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.