படைப்புழு ஊர் விட்டு ஊர் போற கதை

எல்லாருக்கும் வணக்கம். மக்காச்சோளம் போட்டவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க, படைப்புழு பத்தி நான் சொல்லி தெரியவேண்டியதில்ல. குருத்த பிரிச்சா ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அத விலக்குனா தலையில தலைகீழ் ஒய் போட்ட புழு, வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளி. ஆனா ஊர் விட்டு ஊர் போறது புழு இல்லங்க, அது வளந்து றெக்கையோட மாறுற அந்துப்பூச்சி, இன்னிக்கு அதப்பத்தி பேசுவோம்.

அதுக்கு பூர்வீகம் அமெரிக்க கண்டத்தோட வெப்பமான பகுதிங்க. குளிர் தாங்காது, சில பூச்சிங்க பனிக்காலம் பூரா உறங்கி கழிக்குமே, அந்த வித்தையும் இதுக்கு கிடையாது. அமெரிக்காவுல தெக்கு ஃபுளோரிடா, தெக்கு டெக்சாஸ் பக்கம்தான் குளிர்காலத்துல பிழைக்கும். ஆனாலும் வெயில் வந்ததும் தலைமுறை தலைமுறையா வடக்க ஏறி கனடா வரைக்கும் போகும், பனி விழுந்தா அங்க இருக்குறது செத்துடும், அடுத்த வருஷம் தெக்கேர்ந்து புதுசா ஒரு கூட்டம் கிளம்பும். இருட்டுனதும் நூத்துக்கணக்கான மீட்டர் மேல ஏறி அங்க அடிக்கிற வேகமான காத்த பிடிச்சுக்கும், ஒரே ராத்திரியில 100 கிலோமீட்டர் கூட போயிடும். றெக்கைய அடிக்கும்தான், ஆனா காத்து இல்லாம அவ்ளோ தூரம் நடக்காது.

கடல் தாண்டுனது வேற மாதிரி. 2016ல மேற்கு ஆப்பிரிக்காவுல கண்டுபிடிச்சாங்க, அட்லாண்டிக்க பறந்தே கடந்துச்சுன்னு நம்புறவங்க கம்மி, சரக்கோடயோ விமானத்துலயோ வந்திருக்கும்னுதான் பேச்சு. 2018 மே மாசம் கர்நாடகா சிவமொக்கா, அதே வருஷம் நம்ம பெரம்பலூர், அரியலூர், அப்படியே இலங்கை, 2019 ஜனவரியில சீனாவோட யுன்னான், 2020 தொடக்கத்துல ஆஸ்திரேலியா. நாலே வருஷம்!

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. இங்க அத கொல்ற குளிரும் இல்ல, வருஷம் பூரா எங்கயாவது ஒரு வயல்ல சோளம் பச்சையா நிக்குது, அப்புறம் அது எதுக்கு கனடா அளவுக்கு பறக்கணும்? வெயில் காலத்துல ஒரு தலைமுறைக்கு சுமார் ஒரு மாசம் போதும், ஒரு பெண் பூச்சி ஆயிரத்துக்கு மேல முட்டை போடும், குவியலா போட்டு தன் உடம்பு ரோமத்தால மூடிவிட்டுடும். நீங்க ஆடியில விதைச்சு பக்கத்து வயல்காரர் புரட்டாசியில விதைச்சா, உங்க வயல்ல கூட்டுப்புழுவா மண்ணுக்குள்ள இருந்து வெளிய வர்ற பூச்சிக்கு அவரோட இளம் குருத்து ரெடியா இருக்கும். அதனாலதான் ஊரே ஒண்ணா விதைங்கன்னு சொல்றது, கடைசி உழவுல வேப்பம் பிண்ணாக்கு போடச் சொல்றதும் மண்ணுல இருக்கிற அந்த கூட்டுப்புழுவுக்காகத்தான்.

இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் பூச்சியோட வாசனைய காட்டி ஆண் பூச்சிய இழுக்குற பொறி வைங்க, நல்லதுதான். ஆனா அதுல விழுறது ஆண் பூச்சி மட்டும், முட்டை போடுறது அந்தப்பக்கமே வராது, அதனால பொறிய பார்த்துட்டு வீட்டுக்கு போயிடாம வயலுக்குள்ள இறங்கி இலைக்கு அடியில திருப்பிப் பாருங்க.