ஏலாக்குறிச்சியும் எழுதி வைத்த ஏடும்

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருட்சகோதரிகளே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊர்ப் பெரியவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, உபதேசியார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஏலாக்குறிச்சிக் கோவில் எழுந்த கதை, வீரமாமுனிவர் தமிழுக்குச் செய்த எழுத்துத் திருத்தம், அவர் மாதாவைப் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம் என்ற நூலின் சுவை.

1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்துக்கு வடகரையில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் சூட்டினார். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு முதுகில் ராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்த கதை உங்கள் பாட்டிமார் சொன்னதுதான். வைத்தியர்கள் கைவிட்டார்கள். குப்புறப் படுத்தே கிடந்தார் மனிதர். முனிவர் வந்தார். மாதாவை வேண்டிக்கொண்டார். இந்த ஊர் மண்ணை அள்ளிப் பச்சிலையோடு குழைத்து, அயர்ந்து தூங்கியவர் முதுகில் பூசினார். விடிந்து பார்த்தால் கட்டி உடைந்திருந்தது! பல நாள் கழித்து மல்லாந்து படுத்த மழவராயர் மனம் குளிர்ந்து கோவிலுக்கு நிலம் கொடுத்தார் என்பார்கள்.

கதை வாய்வழியாகப் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நாளில் கோவில் கட்ட மண் சுமந்தவர் யார்? முதலில் ஞானஸ்நானம் பெற்ற வீடு எது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

எழுத்தின் அருமை அறிந்தவர் முனிவர். அதுவரை எகரத்துக்கு மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவார்கள், படிப்பவர் திண்டாடுவார். அவர்தான் நெடிலுக்குக் கீழே ஒரு கீற்று இழுத்து வழி செய்தார் என்பார்கள். உங்கள் ஊர்ப் பலகையின் முதல் எழுத்தைப் போகும்போது பாருங்கள். அந்தக் கீற்று அங்கே இருக்கிறது.

என் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி வேறொரு பங்குக்குப் போனேன். தோல் அட்டை முழுதாக இருந்தது. திறந்தால் உள்ளே கரையான் மண். ஆண்டு எழுதிய மூலை மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் பாட்டியின் பெயர் அந்த மண்ணோடு போய்விட்டது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். எழுதியதையும் தொலைத்துவிட்டு யாரிடம் போய் அழுவது?

கலம்பகத்தை அடுத்த திருவிழாவில் பேசுகிறேன். இன்று எனக்கு ஒரே விண்ணப்பம். பங்குத்தந்தை அனுமதித்தால், கைபேசி வைத்திருக்கும் இளைஞர்கள் நான்கு பேர் ஞாயிறு பூசை முடிந்ததும் வாருங்கள். பழைய பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுப்போம். அடுக்கி வைக்க ஓர் இரும்புப் பீரோ வேண்டும். அதற்கு முதல் ஆயிரம் ரூபாயை இந்த மேடையிலேயே காரியக்காரரிடம் கொடுக்கிறேன்.