துளசி எண்ணெயும் மாந்தோப்பு ஈப்பொறியும்: ஒரே ஒரு ஹைட்ரஜன் பண்ற வேலை!

கிருஷ்ணகிரி மாந்தோப்புகள்ல பழ ஈப்பொறி தொங்குதே, பார்த்திருப்பீங்க. ஆண் ஈயை அதுக்குள்ள இழுக்கிற பொருள் மெத்தில் யூஜினால். உங்க வீட்டு மாடத்துத் துளசியிலயும் அதே பொருள் இருக்கு!

எண்ணெய் எடுக்கிறதை வேகமா சொல்லிடறேன். அரை கிலோ இலை, தண்ணி, கிளெவெஞ்சர் கருவி (நீராவியோட வர்ற எண்ணெயைப் பிரிச்சுப் பிடிக்கிற கண்ணாடிக் கருவி), 3 மணி நேரக் கொதி. கிடைக்கிறது ஓரிரு மில்லிதான். இந்த எண்ணெய் கிட்டத்தட்ட தண்ணி கனமே இருக்கும், அதனால சட்டுனு பிரியாது, பால் மாதிரி கலங்கி நிக்கும். அவசரப்பட்டு வடிச்சா தண்ணியோட போயிடும். தெளிய விட்டு எடுத்து, நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு ஈரத்தை நீக்கி, பழுப்பு பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல வைங்க.

ஜிசி-எம்எஸ்ல, அதாவது கலவையில என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற கருவியில ஓட்டினா, கிராம்பு வாசம் தர்ற யூஜினால், மெத்தில் யூஜினால், கேரியோஃபிலீன்னு எண்ணெய்ல உள்ள பொருட்கள் எல்லாம் வரைபடத்துல தனித்தனி உச்சியா வரும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். யூஜினாலோட மூலக்கூறு எடை 164, மெத்தில் யூஜினாலுக்கு 178. வெறும் 14 வித்தியாசம். யூஜினால் வளையத்துல ஒரு ஓஹெச், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி இருக்கு. அதுல உள்ள ஹைட்ரஜனை அது சுலபமா கொடுத்துடும். மெத்தில் யூஜினால்ல அந்த ஹைட்ரஜன் இருந்த இடத்துல மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன் சேர்ந்த தொகுதி) உட்கார்ந்திருக்கு. கொடுக்கக் கையில ஒண்ணும் இல்லை!

இதைக் கண்ணாலயே பார்க்கலாம். டிபிபிஹெச்னு ஒரு ஊதாப் பொருள் இருக்கு, யாராவது ஹைட்ரஜன் கொடுத்தா அதோட ஊதா வெளுத்துடும். 100 மில்லி மெத்தனால்ல 4 மில்லிகிராம் டிபிபிஹெச் கரைச்சா நல்ல கத்தரிப்பூ கலர் வரும். எண்ணெயை மெத்தனால்ல கரைச்சு இதோட சேர்த்து, 30 நிமிஷம் இருட்டுல வைங்க. யூஜினால் அதிகமுள்ள எண்ணெய்ல ஊதா வெளுத்து மஞ்சளாகும். மெத்தில் யூஜினால் அதிகமுள்ளதுல ஊதா பெரும்பாலும் அப்படியே நிக்கும்.

517 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுதுன்னு நிறமாலைமானியில அளங்க. எண்ணெய் சேர்க்காததுல 0.90, சேர்த்ததுல 0.36 வந்தா, 0.54 குறைஞ்சிருக்கு. அதாவது ஊதா 60 சதவீதம் போயிடுச்சு, இதைத்தான் 60 சதவீதத் தடுப்புன்னு சொல்வாங்க. இதே மாதிரி ஹைட்ரஜன் கொடுக்கிற வைட்டமின் சியையும் பக்கத்துலயே ஓட்டுங்க, ஒப்பிட ஆள் வேணுமே! வெளிச்சம் பட்டா டிபிபிஹெச் தானாவே வெளுத்துடும். எண்ணெயைத் தண்ணியில கலந்தா கலங்கலே அளவை ஏத்திக் காட்டி, எண்ணெய்க்கு ஊதாவை வெளுக்க வைக்கிற திறன் இல்லாத மாதிரி ஏமாத்திடும்.

ஒரு வேண்டுகோள். சோதனைக்குழாய்ல கலர் மாறுச்சுன்னு எண்ணெயைச் சொட்டுச் சொட்டா குடிக்காதீங்க. மெத்தில் யூஜினாலை 2023-ல சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவுல, அதாவது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்கள்ல, சேர்த்திருக்கு.

தருமபுரி, அரூர், ஓசூர்ல இருந்து பார்க்கிறவங்க வீட்டுத் துளசி இலை ரெண்டைக் கசக்கி மோந்து பாருங்க. கிராம்பு வாசம் வருதான்னு கமெண்ட்ல எழுதுங்க!