மேப்பிள் மரத்தின் கீழ் ஃபோம்ஃபிளவர் ஏன் கருகுகிறது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் கீழே புல்கூட வருவதில்லை. ஃபோம்ஃபிளவர் நிழலில் நன்றாக வரும் என்றார்கள், வாங்கி நட்டேன். ஜூலையிலேயே கருகிவிட்டது. நிழல் கூடிப்போய்விட்டதா? கோடை முழுவதும் பூக்கிற வேறு நிழல்செடி ஏதாவது இருக்கிறதா?"

அக்கா, நிழல் கூடவில்லை, தண்ணீர் காணவில்லை. பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது என் பல்லவி என்று தெரியும். மரத்தடியில் செடி சாவதற்கு வெளிச்சக் குறைவைவிட ஈரக் குறைவுதான் பெரும்பாலும் காரணம்.

ஃபோம்ஃபிளவர் இந்த மண்ணின் செடி. நோவா ஸ்கோஷியா, ஒன்ராறியோ தொடங்கி அப்பலேச்சியன் மலைகள் வழியே ஜோர்ஜியா வரைக்கும் காடுகளில் தானாக முளைப்பது. அந்தக் காடுகளிலும் அதற்கு மேலே நிற்பது பல இடங்களில் மேப்பிள்தான். அப்படியானால் காட்டு மேப்பிளின் கீழ் செழிக்கிற செடி, உங்கள் வளவு மேப்பிளின் கீழ் ஏன் கருக வேண்டும்?

முதலில் உங்கள் மரம் எந்த மேப்பிள் என்று பாருங்கள். கோடையில் ஓர் இலையைக் காம்போடு பறித்து, காம்பை அடியில் ஒடித்துப் பாருங்கள். பால் கசிந்தால் அது நோர்வே மேப்பிள். தெளிந்த நீர் வந்தால் நம் சர்க்கரை மேப்பிளாக இருக்கலாம். நோர்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ரொறன்ரோ தெருக்களில் வரிசை வரிசையாக நட்டார்கள், இப்போது பள்ளத்தாக்குக் காடுகளுக்குள்ளும் புகுந்து நிற்கிறது. அதன் இலைக்கூட்டம் குடை பிடித்தது போல அடர்த்தியானது, சிறு மழையைக் கீழே விடாது. வேரோ மேல் மண்ணிலேயே பின்னிக் கிடக்கும். நல்ல மழை பெய்து முடிந்ததும் ஒரு சிறு கரண்டியால் அந்த இடத்தைக் கிளறிப் பாருங்கள். மேலே விரல்நுனி அளவு ஈரம், அதற்குக் கீழே தூசு. உங்கள் ஃபோம்ஃபிளவர் அந்தத் தூசுக்குள்தான் நின்றது.

இரண்டாவது காரணம் இலை. இதை முன்பும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். காட்டில் யாரும் சருகு கூட்டுவதில்லை. விழுந்த இலை அங்கேயே உக்கி, கறுத்து, ஈரம் பிடிக்கிற மண்ணாகிறது. ஃபோம்ஃபிளவரின் மெல்லிய வேர்கள் ஓடுவது அந்த உக்கல் படையில்தான். நாமோ ஒக்டோபர், நவம்பரில் அந்த இலையை எல்லாம் வாரிக் காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைத்துவிடுகிறோம். பிறகு மே மாதம் கடைக்குப் போய்ப் பை பையாக உரமண் வாங்கி வருகிறோம். மரம் இலவசமாகத் தந்ததைக் கொடுத்துவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு இது ஒவ்வோர் ஆண்டும் மனத்தை வருத்துகிற காட்சி.

ஒரு கவனம்: மேப்பிள் இலை பெரிது. அப்படியே விட்டால் நனைந்து தட்டையாக ஒட்டிச் செடியின் குருத்தை மூடிவிடும். அதன்மேல் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டி நொறுக்கிவிட்டுப் பரப்புங்கள். குருத்தின் மேல் குவிக்க வேண்டாம், சுற்றிப் போடுங்கள்.

இலை போட்டால் மண்புழு தின்றுவிடுகிறதே என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஊரில் அது உண்மை. ஆனால் பனியூழிப் பனிப்பாறைகள் மூடிக்கிடந்த இந்த ஒன்ராறியோவில் இன்று நாம் காணும் மண்புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இங்குள்ள காடுகள் புழு இல்லாமலே இலையை மெல்ல மெல்ல உக்க வைத்துப் பழகியவை. புழு வந்ததும் அந்தப் படை வேகமாகக் காலியாகிறது, அதில் வாழ்கிற காட்டுப்பூக்கள் தவிக்கின்றன. காய்கறிப் பாத்தியில் புழு இருக்கட்டும், நல்லது. மரத்தடியில் மட்டும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதிதாக இலை போட்டே ஆகவேண்டும்.

இனி நடுவது. வேரை மூடி அரையடி உயரத்துக்கு மண் கொட்டாதீர்கள். மரத்தின் வேர் மூச்சுத் திணறும், அதோடு புது மண்ணுக்குள்ளும் ஏறி வந்துவிடும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உக்கல் உரம் போதும். பெரிய தொட்டிச் செடி வாங்க வேண்டாம், அதற்குக் குழி தோண்டினால் வேரை வெட்ட நேரும். சிறிய நாற்றாக வாங்கி, வேர்களுக்கிடையே இடம் தேடி, ஓரடிக்கு ஒன்றாக வையுங்கள். அடிமரத்தை ஒட்டித் தொடங்காமல் கிளைகள் முடிகிற ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். முதல் இரண்டு கோடைக்கும் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். செப்டம்பர் நடுப்பகுதிக்குள் நட்டுவிடுங்கள். பிந்தினால் வேர் பிடிக்குமுன் உறைபனி வந்து செடியை மேலே தள்ளிவிடும். மார்ச்சில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வேர் தெரியக் கிளம்பி நிற்கிற செடியைக் கையால் அழுத்தி உட்கார வைத்து, உக்கிய இலையால் மூடினால் பிழைத்துக்கொள்ளும்.

நோர்வே மேப்பிளின் அடிமரத்துக்கு அருகே ஃபோம்ஃபிளவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அங்கே எபிமீடியம் வையுங்கள், வறண்ட நிழலைத் தாங்குகிற செடி அது. கிறிஸ்மஸ் பன்னமும் (Christmas fern) ஓரளவு நிற்கும்.

கோடை முழுவதும் பூ வேண்டும் என்கிறீர்கள். அக்கா, எந்த இலை வைக்கலாம் என்று நீங்கள் கேட்டிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன். ஃபோம்ஃபிளவர் மே மாதத்தில் சில வாரங்கள் பூக்கும். இளஞ்சிவப்பு மொட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிந்து வெள்ளையாகும், ஒவ்வொரு பூவிலும் கேசரங்கள் இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். குனிந்து பார்த்தால்தான் அந்த நுணுக்கம் தெரியும். மீதி மாதங்களுக்கு இலைதான். நரம்போரம் கருஞ்சிவப்பு ஓடுகிற இலை, குளிரில் செம்பு நிறமாகி, பனியின் கீழும் பெரும்பாலும் உயிரோடு கிடக்கும். நிழலுக்குப் பலரும் வைக்கிற ஹோஸ்டா அப்படியல்ல, முதல் கடும் உறைபனியோடு தரையில் ஒன்றுமே இருக்காது.

அதன் உறவுக்காரர் ஹியூக்கெரா. கருஊதா இலை கடையில் அழகாக இருக்கும், நிழலில் வைத்தால் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். நிழலுக்கு எலுமிச்சைப் பச்சைதான் வாங்க வேண்டும். ஹியூக்கெராவையும் ஃபோம்ஃபிளவரையும் கலந்து பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் நர்சரி 1912இல் உருவாக்கியது ஹியூக்கெரெல்லா. அது விதை கட்டாது, அதனால் பூவும் சற்று நீடிக்கும். ஹியூக்கெரா ஆண்டுக்கு ஆண்டு தண்டு முற்றி மேலே எழும்பும். வசந்தத்தில் தோண்டி, கீழ் இலை வரை புதைத்து மீண்டும் நடுங்கள். இலை வாடியிருக்கிறதே என்று இழுத்தபோது செடி வேரில்லாமல் கையோடு வந்தால், மண்ணைக் கிளறுங்கள். பழுப்புத் தலையோடு வளைந்த வெள்ளைப் புழு இருந்தால் அது வேரைத் தின்கிற கருங்கூன்வண்டின் குஞ்சு. பொறுக்கி அழித்துவிட்டு, மீதித் தண்டைப் புதிய மண்ணில் வேர்விட வையுங்கள்.

பூ வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட மாட்டேன். 'ஓட்டம் பிரைட்' (Autumn Bride) என்ற ஹியூக்கெரா இருக்கிறது. அகன்ற, மயிர் படர்ந்த வெளிர்பச்சை இலை, கோடையின் கடைசியில் வெள்ளைப் பூ. மே மாதத்துக்கு ஃபோம்ஃபிளவர், செப்டம்பர் நெருங்குகையில் இது, இடையில் இலை. இந்த இரண்டையும் கிளைகளின் ஓரத்தில் தொடங்கி வைத்துப் பாருங்கள். நடுவதற்கு முன் அந்த இலைக்காம்பை ஒடித்துப் பார்த்து, பால் வந்ததா தண்ணீர் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கேள்வி, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலையை எப்போது வெளியே எடுக்கலாம் என்பது.